இருவருக்கு ஒரு காட்டெருமை

நான் வேட்டையைத் தொடங்கியது, மனைவி கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் உள்ள இஷொய்க்கு, மகள் வீட்டுக்குப் போய் மூன்றாவது குளிர்காலத்தில். அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. மகள் கோப்பன்ஹேகனில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி, மருமகனுக்கும் முறை வேலை. பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. முதலில் கிழமை நாட்களில் அங்கே, சனி ஞாயிறு என்னோடு ஒடென்சேயில் என்றுதான் பேச்சு. பிறகு அது ஒன்றுவிட்ட வார இறுதி ஆனது. அதன்பிறகு, "சின்னவனுக்குக் காய்ச்சல், இந்தமுறை நீங்கள் இஞ்சை வாங்கோவன்" என்று ஆனது.

நான் போவேன். மகள் வீட்டுச் சோபாவில் படுப்பேன். ஞாயிறு மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டு, ஒரு பையில் மனைவி கட்டித்தந்த கறிகளோடு ரயில் ஏறுவேன். ரயில் முதலில் கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போய், பிறகு வெளியே வந்து நீண்ட பாலத்தில் ஏறும். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர். அந்தப் பாலத்தில் எனக்கு எப்போதும் ஒரு குழப்பம் வரும், நான் வீட்டிலிருந்து வருகிறேனா, வீட்டுக்குப் போகிறேனா என்று.

நான் வேட்டைக்காரன் ஆனது மிருகங்களின் மேலுள்ள ஆசையால் அல்ல, துவக்கின் மேலுள்ள ஆசையால் நிச்சயமாக அல்ல. சனிக்கிழமைகளால்தான் ஆனேன்.

ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பக்கத்து மெஷினில் நின்றவன் ஒரு டேனிஷ்காரன். என் வயதுதான், என்னைவிட ஒரு தலை உயரம், மணவிலக்கு ஆனவன், பிள்ளைகள் இல்லை. பேசுவதற்கு முன்னால் யோசிப்பான். யோசித்த பிறகும் பலமுறை பேசமாட்டான். பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் காலை வணக்கத்தைத் தவிர எங்களுக்குள் பெரிய கதை ஒன்றும் இருந்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்து, கறுப்பு ரொட்டியில் வைத்த மெல்லிய இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினான். புகையில் வாட்டிய மான் இறைச்சி. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். வாங்கவில்லை, சுட்டது என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டான், நாளைக்கு விரட்டுவதற்கு ஆள் குறைகிறது, வருகிறாயா என்று.

அவன் பேசியதெல்லாம் டேனிஷில்தான். எனக்கு அது என் தமிழிலேயே நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

விரட்டுவது என்றால், புதர்ப் பற்றைக்குள் வரிசையாக நடந்து சத்தம் போட வேண்டும். பறவைகள் மறுபக்கத்தில் நிற்கும் துவக்குக்காரர்களை நோக்கிப் பறக்கும். என்ன சொல்லிக் கத்துவது என்று கேட்டேன். என்ன வேண்டுமானாலும் கத்து என்றார்கள். வாயில் ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஏழாம் வாய்ப்பாட்டை உரத்துச் சொல்லிக்கொண்டு நடந்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறில் ஒரு காட்டுக்கோழி என் காலடியிலிருந்து வெடித்ததுபோலக் கிளம்பியது. வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அன்று பின்னேரம் ஒரு களஞ்சியத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து பட்டாணி சூப் குடித்தபோது, அந்தக் கிழமையில் நான் வேலைக்கு வெளியே மனிதரோடு சேர்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது என்பது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய், வேட்டை அனுமதிப் பத்திரத்துக்கான சோதனை எழுதி, பிறகு ரைஃபிள் சோதனையும் செய்தேன். போனில் மனைவிக்குச் சொன்னேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள்," என்றாள். "இப்ப நீங்கள் காசு குடுத்து ஒண்டு வாங்கப் போறியளோ?"

மான் சுடத்தான் என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நானும் அவனும் சேர்ந்து வேட்டையாடியது என்று சொன்னாலும், உண்மையில் அது சேர்ந்து சும்மா இருந்ததுதான். ஒரு வயலின் இந்த ஓரத்தில் அவனுடைய பரண், எதிர் ஓரத்தில் என்னுடையது. விடியுமுன் ஏறி உட்கார்ந்தால் வெளிச்சம் வரவர அவன் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிவான். மான் வராத நாட்கள்தான் அதிகம். குளிர் காலுக்குள்ளால் ஏறும். ஒன்றும் நடக்காது. ஆனால் நான் அசைந்தால் பார்க்க எதிரே ஒரு ஆள் இருந்தான், அவன் அசைந்தால் பார்க்க நான் இருந்தேன். இறங்கிய பிறகு காரின் பின்கதவைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்து கோப்பி குடிப்போம். அந்த நேரத்தில்தான் அவன் கொஞ்சம் கதைப்பான்.

கதைத்தால் காட்டெருமையைப் பற்றித்தான், பிசன் என்கிற குளிர்நாட்டுக் காட்டெருமை. அவனுடைய சமையலறையில் பழைய கலண்டர் ஒன்று தொங்கியது. வருடங்கள் போயும் அவன் அதை மாற்றவில்லை. பனிக்குள் நிற்கும் காட்டெருமை ஒன்றின் படம் உள்ள மாதத்திலேயே அது நின்றது. முதலில் கனடாவுக்குப் போக இருந்தானாம், மணவிலக்கு வந்தது. பிறகு போலந்துக்குப் போக இருந்தான், வீட்டுக் கூரை ஒழுகியது. பிறகு முழங்கால். இப்போது ஒடென்சே இருக்கும் இந்தத் தீவின் தெற்கே ஒரு பண்ணைக்காரர் காட்டெருமை வளர்க்கிறார், வருடத்தில் ஒன்றிரண்டு கிழட்டு எருதுகளைச் சுட வேண்டி வரும், தகுந்த பத்திரம் உள்ளவர்களுக்கு அதைக் காசுக்குக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தான். பண்ணை என்பதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. பெரிய இடம், காடும் இருக்கிறது என்று உடனே சேர்த்துக்கொண்டான்.

தனியாக எடுக்க அவனால் முடியாது. நல்ல நிலையில் ஓடும் பழைய கார் ஒன்று வாங்கக்கூடிய காசு. "நீ பாதி போடு," என்றான். "சுடுறது நான். இறைச்சி பாதி உனக்கு. நீ பக்கத்தில இருக்கலாம்."

பக்கத்தில் இருப்பதற்கு அவ்வளவு காசா என்று மகள் பிறகு கேட்டாள். ஆனால் அவனுக்கு வேட்டைக் குழுவில் வேறு சிநேகிதர்களும் இருந்தார்கள், அவன் என்னைத்தான் கேட்டான். நான் ஓம் என்றேன்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆடு, கோழி, மீன், பிறகு நான் கொண்டுவந்ததால் மான். மனைவி போனில் முதல் கேட்டதே அதுதான்.

"அது மாடுதானே?"

இல்லை, காட்டெருமை என்றேன். பெயரிலேயே எருமை என்று இருக்கிறதே என்றேன். அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த பேத்தியிடம் படத்தைக் காட்டி, இதற்கு டேனிஷில் என்ன என்று கேட்பது எனக்குக் கேட்டது. பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். பிசன்-ஒக்ஸ என்றாள். ஒக்ஸ என்றால் என்ன என்று மனைவி கேட்டாள். தமிழில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை அன்று ஒரே சொல்லில், மிகத் தெளிவாகச் சொன்னது.

"மாடு, அம்மம்மா."

"வீட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ," என்றாள் மனைவி. எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் ஒடென்சேக்கு வந்து அப்போது இரண்டு மாதத்துக்கு மேல்.

வேட்டை ஜனவரியில் என்று முடிவானது. ஒக்டோபரில் அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் சமையலறையில் விழுந்து, இடது கையால் போனை இழுத்து அவனே அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கதை தெளிவாகத்தான் இருந்தது, முன்னிலும் மெதுவாக. காலுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைத்துவிட்டார்கள். வலது கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் மடியில் கிடக்கும். அவன் அதை இடது கையால் எடுத்து மேசைமேல் வைப்பான், யாரோ மறந்துவிட்டுப் போன பொருளை எடுத்து வைப்பதுபோல.

அவன் வீடு திரும்பிய நாளில் நான்தான் போய்ச் சமையலறையைத் துப்புரவாக்கினேன். ஃப்ரீசரில் பழுதானதை எல்லாம் எறிந்து கழுவித் துடைத்துக் கொடுத்தேன். பண்ணைக்காரருக்கும் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். அதை அவனிடம் சொன்னேன். அடுத்த குளிர்காலம் பார்க்கலாம், அதற்குள் கை வந்துவிடும் என்றும் சொன்னேன்.

அவன் வழக்கம்போல யோசித்தான்.

"அடுத்த குளிர்காலமும் இந்தக் கைதான்," என்றான். "நீ சுடு. நான் பக்கத்தில இருக்கிறன்."

எனக்கு விருப்பமில்லை. இதைப் பல வழிகளில் சொன்னேன். அது உன் ஆசை, என்னுடையதல்ல என்றேன். நான் மான் சுடுகிற ஆள், அவ்வளவு பெரிய மிருகத்தின் முன்னால் என் கை நடுங்கும் என்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ இல்லாவிட்டால் நான் அதைப் பார்க்கவே மாட்டேன் என்றான். சரி என்றேன். அவன் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தான். எப்போது சுடுவது என்பதை அவன் சொல்வான்.

பண்ணைக்காரர் தன் பெரிய ரைஃபிளைத் தந்தார். அதைப் பழகச் சுடுதளத்துக்குப் போய்வந்த கிழமை முழுவதும், அது உதைத்த உதையில் என் தோள் கறுத்துப்போய் இருந்தது. குளியலறைக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாருக்காவது காட்டவேண்டும்போல இருக்கும்.

அந்தக் காலை உறைபனி. வயல் முழுக்க வெள்ளை, வானமும் அதே நிறம். நான் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவன் தன் நல்ல வேட்டைச் சட்டையைப் போட்டிருந்தான். பொத்தான்கள் ஒன்று மாறிப் பூட்டியிருந்தன. பூட்டிவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

பண்ணையில் மிருக வைத்தியர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். எருதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்து, சுகமாக இருக்கிறது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். சட்டத்தின் கணக்கில் இது வேட்டையல்ல, பண்ணையிலேயே செய்கிற அறுப்பு என்று எங்களுக்கு விளக்கினார். அவருக்கு அது தினசரி வேலைப் பேச்சு. நான் என் சிநேகிதனின் முகத்தைப் பார்த்தேன். அவன் தூரத்தில் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்ணைக்காரரின் பிக்கப் வாகனத்தில் போனோம். அவன் முன்னால், சாரதி இருக்கைக்குப் பக்கத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். நான் பின்பெட்டியில், மணல் பைமேல் ரைஃபிளை வைத்து. இரட்டை மின்வேலியின் கதவுகளைத் தாண்டி மெதுவாக உருண்டோம். அவை ஒரு புல் உருளையைச் சுற்றி நின்றன. முதலில் மண்மேடு என்றுதான் நினைத்தேன். பிறகு மண்மேட்டிலிருந்து ஆவி வந்தது.

படங்களில் அதன் அளவு தெரிவதில்லை. முன்பாதி முழுவதும் தலையும் தோளும் மயிரும், அதில் உறைபனி பிடித்துக் கண்ணாடித் துகள்போல மினுங்கியது. பின்பாதி வேறொரு சின்ன மிருகத்தினுடையதைப்போல ஒடுங்கியிருந்தது. எங்களை அவை பார்த்தன, ஓடவில்லை. வாகனத்தைத் தெரிந்த மிருகங்கள், தீன் கொண்டுவரும் வாகனம் அது. பண்ணைக்காரர் கிழட்டு எருதைக் காட்டினார். ஒரு கொம்பின் நுனி முறிந்தது. அது கூட்டத்தின் நடுவிலேதான் நின்றது. பக்கத்தில் நின்ற பசு ஒன்று அதன் கழுத்தில் தன் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

எருது தனித்து வரும்வரை காத்திருந்தோம். என் சிநேகிதன் இடது கையில் தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான். கை களைக்கும்போது முழங்கையைக் கதவின்மேல் ஊன்றுவான். பண்ணைக்காரர் இறங்கி என் பக்கமாக வந்து நின்று, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் என்று மெல்லச் சொன்னார். பசு விலகியது. எருது இரண்டடி முன்னால் வந்து, தலையைத் திருப்பி நின்றது.

எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தோம். அவன் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மிக நீண்ட நேரம்போல எனக்குத் தோன்றியது. அவன் வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவேண்டும் என்றும் நினைத்தேன்.

"இப்ப," என்றான்.

எருது விழுந்த விதத்தில் ஒரு அசைவும் மிச்சம் இருக்கவில்லை. நான்கு கால்களும் ஒன்றாக மடிந்து, இருந்த இடத்திலேயே இறங்கியது. நிலத்தின் அதிர்ச்சி வாகனத்தின் தகட்டுக்குள்ளால் என் காலுக்கு வந்தது. நல்ல வெடி என்றார் பண்ணைக்காரர். அந்த வினாடி எனக்குள் வந்தது துக்கமல்ல. சந்தோஷம். சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது, சிரித்துமிருப்பேன். அவன் கதவுக் கண்ணாடிக்குள்ளால் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் ஓடிப்போகும் என்று நினைத்தேன். வெடிச்சத்தத்துக்குக் கொஞ்சம் விலகின, பிறகு திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக வந்து எருதை முகர்ந்தன. அந்தப் பசு தன் நெற்றியை அதன் விலாவில் வைத்துத் தள்ளியது, எழுப்புவதுபோல. எழும்பவில்லை. மீண்டும் தள்ளியது. மற்றவை சுற்றி நின்றன. தொண்டைக்குள்ளிருந்து பன்றி உறுமுவதுபோல ஒரு தாழ்ந்த சத்தம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனது. வாகனத்தைக் கொண்டு போய்க் கலைக்கலாமா என்று கேட்டேன். கிட்டப்போகக்கூடாது, அவையாக விலகும்வரை இருக்கவேண்டும், எப்போதும் இப்படித்தான் என்றார் பண்ணைக்காரர்.

இருந்தோம். உறைபனி என் கையுறைக்குள் வந்தது.  நான் எத்தனையோ செத்த வீடுகளுக்குப் போகாமல் இருந்தவன். அப்பாவுடையதற்கும் போகவில்லை, அப்போது சண்டை, ஊருக்குப் பாதை இல்லை. இங்கே ஒரு பண்ணையில், நானே சுட்ட மிருகத்தின் சாவில், அதன் சனம் கலையும்வரை நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒடென்சேயில் ஏதாவது நடந்தால் எத்தனை நாளில் யாருக்குத் தெரியவரும் என்ற எண்ணம் வந்தது. அது தன்னிரக்கம் என்று தெரிந்தது, ஆனாலும் வந்தது.

பசுதான் கடைசியாகப் போனது.

டிராக்டர் வந்து எருதைச் சங்கிலியில் தூக்கியது. பண்ணைக்காரர் அதற்கு முன் ஒரு ஊசியிலைக் கொப்பை முறித்து, இரத்தத்தில் தோய்த்து, தொப்பியில் வைத்து என்னிடம் நீட்டினார். சுட்டவனுக்குக் கொடுக்கும் வழக்கம் அது. கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அந்தக் கொப்பை எடுத்துக்கொண்டு முன் கதவுக்குப் போய் என் சிநேகிதனிடம் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை.

"சுட்டவன் வைக்கிறது அது," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சரியான தகவலைச் சொல்வதுபோலச் சொன்னான்.

திரும்பும் வழியில் அவனுடைய வலது கை இருக்கைக்கும் கதவுக்கும் இடையில் விழுந்து கிடந்தது. அவன் அதை எடுத்து வைக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது நன்றி என்றான். கோப்பி குடிக்க வா என்று கூப்பிடவில்லை. முன்னர் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு இறைச்சியைப் பெட்டி பெட்டியாக எடுத்துவந்தேன். அவனுடைய பாதியோடு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். கார் நின்றது, சமையலறையில் விளக்கு எரிந்தது. மணியை அடித்தும் கதவு திறக்கவில்லை. காருக்குள் திரும்பி வந்து செய்தி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. நீயே வைத்துக்கொள், என் ஃப்ரீசரில் இடமில்லை.

அந்த ஃப்ரீசர் எனக்குத் தெரியும்.

நான் கராஜுக்குள் வைக்க இன்னொரு ஃப்ரீசர் வாங்கினேன். வீட்டுக்குள் கொண்டுவராதேங்கோ என்று மனைவி சொன்னதை அந்த அளவுக்குக் காப்பாற்றினேன். சமைப்பதும் கராஜில்தான், ஒரு சின்ன மின்னடுப்பில். முதல்முறை வாயில் வைத்தபோது பயம் இருந்தது, சாமிக்குப் பயமா மனைவிக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மிளகும் பெருஞ்சீரகமும் போட்டு வறட்டினால் நல்ல ருசி. அது இன்னும் மோசமாக இருந்தது. ருசியான சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவதுபோலக் கஷ்டமான வேலை இல்லை. தெரிந்த தமிழ்ச் சனத்தில் அதைக் கொடுக்கக்கூடிய வீடுகளை யோசித்தேன். கொடுத்தால் கதை வரும். வேலைத்தலத்தில் கொஞ்சம் பகிர்ந்தேன். பக்கத்து மெஷினில் இப்போது இளம் பெண் ஒருத்தி நிற்கிறாள், அவள் சைவம்.

வேட்டைக் குழுவில் எல்லோரும் கேட்டார்கள், காசுக்குப் பெறுமதியா என்று. அந்தக் குழுவில் காட்டெருமை சுட்டவர் வேறு ஒருவரும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்தது. நான் முதலில் ஓம் என்றேன், கேட்டவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். பிறகு ஒருவர் தனியாகக் கேட்டபோது, அந்த மிருகங்கள் சுற்றி நின்ற நேரத்தை நான் எதற்கும் கொடுக்கமாட்டேன், ஆனால் அதைப் பார்க்க ஒன்றையும் சுடத் தேவையில்லை என்றேன். அவர் அதை யோசித்தாரா தெரியாது. அவனுக்கு எப்படி இருந்ததாம் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஏப்ரல் மாதம் நான் சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே, வெயிலில், வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். ஒளிய இடமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பிழை விட்டேன் என்று கேட்டேன். டேனிஷில் இப்படிக் கேட்பது வழக்கமில்லை, எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியவில்லை.

அவன் தன் வலது கையை எடுத்து மடியில் வைத்தான்.

"நீ ஒரு பிழையும் விடேல்லை," என்றான். "நல்லாச் சுட்டாய். நான் சுட்டிருந்தாலும் அவ்வளவு நல்லாச் சுட்டிருக்க மாட்டன்." பிறகு, "உன்னைப் பார்க்கேக்க நான் திரும்ப அந்தப் பிக்கப்புக்குள்ள இருக்கிறன். வேற எங்கயும் நான் அதுக்குள்ள இல்லை. உன்னைப் பார்க்கேக்க மட்டும்தான்," என்றான்.

 சுடு என்று நீதானே சொன்னாய் என்று சொல்லலாம். அது அவனுக்கும் தெரியும். காசைப் பாதி போட்டோம், மிருகத்தைப் பாதி பிரித்தோம், பார்த்ததைப் பிரிக்க முடியவில்லை. நான் கொஞ்ச நேரம் இருந்தேன். தோட்டத்தில் புல் வெட்டாமல் வளர்ந்திருந்தது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். ஆள் வருகிறான் என்றான்.

சமையலறை ஜன்னலுக்குள்ளால் பார்த்தேன். கலண்டர் இருந்த இடத்தில் வெறும் ஆணி.

அந்த வருடம் மான் காலம் தொடங்கியபோது நான் தனியாகப் போனேன். எதிர் ஓரத்துப் பரணில் ஒருவரும் இல்லை. பழக்கத்தில் அடிக்கடி அங்கே பார்ப்பேன். ஒரு மான் வந்தது, நல்ல தூரத்தில், நல்ல வெளிச்சத்தில். நான் சுடவில்லை. சுட்டால் இறைச்சி வரும், ஃப்ரீசரில் இன்னும் காட்டெருமை இருந்தது. இதைப் பெரிய மனமாற்றம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அடுத்த வருடம் ஒன்றைச் சுட்டேன்.

மனைவி கோடையில் வந்து இரண்டு கிழமை நின்றாள். கராஜில் இருந்த ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாளா தெரியாது. போகுமுன் கேட்டாள், நீங்களும் இஷொய்க்கு வந்தால் என்ன, பென்சனுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தானே என்று. வேலை இருக்கிறது என்றேன். வேலையைத் தவிர இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினாள். யோசிக்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

நவம்பரில் முதல் உறைபனி விழுந்த கிழமை அவனிடமிருந்து போன் வந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. காருக்குக் குளிர்காலச் சில்லுகள், பனியில் வழுக்காத டயர்கள், மாற்றவேண்டும், ஒரு கையால் முடியவில்லை, கராஜ்காரன் இரண்டு கிழமைக்குப் பிறகு வரச்சொல்கிறான் என்றான். கார் இப்போது இடது கையால் ஓட்டக்கூடியது, ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் பூட்டியிருக்கிறது என்றும் சொன்னான். நான் சனிக்கிழமை போனேன்.

சில்லு மாற்றுவது அரை மணி நேர வேலை. அவன் பக்கத்தில் நின்று சில்லை இறுக்கும் சுரைகளை ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்து எனக்குத் தந்தான். நான் பூட்டினேன். கடைசிச் சில்லில் ஒரு சுரை துருப்பிடித்து இறுகியிருந்தது. நான் இழுத்தும் வரவில்லை. அவன் சுரை கழற்றும் சாவியின்மேல் தன் நல்ல காலை வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்தான். வந்துவிட்டது. அவன் விழப்போனான், நான் பிடித்துக்கொண்டேன்.

கோப்பி ஊற்றினான். குடித்தோம். தொழிற்சாலையில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று கேட்டான், சொன்னேன். பேரப்பிள்ளைகளைக் கேட்டான், அதையும் சொன்னேன். காட்டெருமையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேட்டைக்கு வருகிறாயா, சும்மா வந்து இருக்கலாம் என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பினேன்.

வாசல்வரை வந்தான். கோடைச் சில்லுகளைத் திரும்ப மாற்ற ஏப்ரலில் ஆள் வேண்டும் என்றான். வருகிறேன் என்றேன்.